அழைப்பா, கட்டளையா?
சமய நம்பிக்கையற்ற குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கிலாந்தின் திருச்சபைத் தொடக்கப்பள்ளிகளும்

சமய நம்பிக்கையற்ற பெற்றோர் தம் பிள்ளைகளைத் திருச்சபை நடத்தும் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பலாமா என்னும் வினா இங்கிலாந்தில் நெடுநாளாகப் பேசப்பட்டு வருவது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் தம்மைக் கிறிஸ்தவர் என எழுதிக்கொண்டோர் 59.3 விழுக்காட்டினர், எச்சமயமும் சாராதவர் என எழுதிக்கொண்டோர் 25.2 விழுக்காட்டினர். 2021-ஆம் ஆண்டில் இவ்வெண்கள் முறையே 46.2, 37.2 என மாறின. அதே நாட்டில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த பள்ளிகள் ஏறத்தாழ 4,700. அவற்றில் பயிலும் பிள்ளைகள் ஏறத்தாழ பத்து லட்சம். அரசு நிதியில் இயங்கும் தொடக்கப்பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இத்திருச்சபையினுடையது. வீட்டில் ஜெபம் என்பதே கேட்டறியாத பிள்ளைகள் பலர் இப்பள்ளிகளின் காலை வழிபாட்டில் நாள்தோறும் அமர்கின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுகின்றன. நம்பிக்கையில்லாதோர் நம்பிக்கையின் பள்ளியைத் தேடுவது பாசாங்கு என்பது ஒன்று. அப்பிள்ளைகள் வருவது திருச்சபைக்குக் கிடைத்த அருமையான நற்செய்தி வாய்ப்பு என்பது மற்றொன்று. முன்னது பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. பின்னது பிள்ளையைக் கருவியாக்குகிறது. பள்ளியை நடத்தும் திருச்சபை தன்னைத் தானே என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இரண்டுமே தொடவில்லை. அண்மைக் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை தன் பள்ளி வழிபாட்டை ‘அழைப்பு’ என்று வருணிக்கிறது. மறுக்க இயலாத அழைப்பு அழைப்பாகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருள்.

1. வரலாற்றுப் பின்னணி

இப்பள்ளிகளின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. அதன் ஒரு வேர் நம் எழும்பூரில் உள்ளது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கென அமைந்த விடுதிக்குக் கண்காணிப்பாளராய்ப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் திருச்சபைக் குரு. உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையையும், மூத்த மாணவன் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் விடுதியில் புகுத்தினார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. தாய்நாடு திரும்பியபின் 1797-இல் அவர் வெளியிட்ட நூல் வாயிலாக இது ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்றது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ‘தேசிய சங்கம்’ என்னும் அமைப்பை நிறுவி, நாடெங்கும் ஏழைகளுக்குப் பள்ளிகளைத் தொடங்கியபோது இம்முறையையே கைக்கொண்டனர்.

அச்சங்கத்தின் முழுப் பெயரிலேயே அதன் நோக்கம் வெளிப்படை: அரசுத் திருச்சபையின் கோட்பாடுகளில் ஏழைகளைப் பயிற்றுவித்தல். ஆகவே அதன் பள்ளிகள் பலவற்றில் ஞானோபதேச வினாவிடையைக் கற்பதும் ஞாயிறுதோறும் ஆலயம் செல்வதும் மாணவனின் கடமைகளாயின. அந்நாளில் இதனால் மனம் புண்பட்டோர் நாத்திகர் அல்லர். பாப்திஸ்து சபையார், மெதடிஸ்து சபையார், காங்கிரிகேஷனல் சபையார் முதலிய கிறிஸ்தவர்களே. ஊரில் இருப்பது ஒரே பள்ளி. அதுவோ மாற்றுச் சபையின் பள்ளி. தம் பிள்ளை தாம் ஏற்காத வினாவிடையை ஒப்புவிக்க வேண்டும், அன்றேல் எழுத்தறியாமல் இருக்க வேண்டும் என்னும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. 

1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. பொதுநிதி பெறும் பள்ளிகளில் சமய போதனை பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ அமைய வேண்டும், விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று அச்சட்டம் விதித்தது. இதுவே ‘மனச்சான்று விதி’ எனப்பட்டது. 1902-இல் உள்ளூர் வரிப்பணம் திருச்சபைப் பள்ளிகளுக்கும் வழங்கப்பட்டபோது, பாப்திஸ்து போதகர் ஜான் கிளிஃபர்டு முதலானோர் தலைமையில் பலர் வரி செலுத்த மறுத்தனர். சிலர் சிறையும் சென்றனர்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் பிறந்தபோது, ஆங்கிலிக்கன் மரபும், இவ்வாறு எதிர்த்து நின்ற சபைகளின் மரபும் ஒன்றாயின. பள்ளியை நிறுவியவரின் உரிமையையும், அப்பள்ளியில் புண்பட்ட பிள்ளையின் முறையீட்டையும் ஒருங்கே மரபுரிமையாகப் பெற்றவர்கள் நாம். இவ்விவாதத்தில் ஒரு பக்கம் மட்டும் நின்று பேசுதல் நமக்குப் பொருந்தாது.

2. இன்றைய சட்டமும் நடைமுறையும்

இன்றுள்ள அமைப்புக்கு அடிகோலியது 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். அதனை அமைச்சர் பட்லரும் பிரதம பேராயர் வில்லியம் டெம்பிளும் கலந்து பேசி உருவாக்கிய உடன்பாடு என்றே கூறலாம். அச்சட்டம் திருச்சபைப் பள்ளிகளை இரு வகையாக்கிற்று. ‘உதவி பெறும் பள்ளி’ என்னும் வகையில் ஆட்சிக்குழுவில் திருச்சபையின் பிரதிநிதிகளே பெரும்பான்மையினர். சமய போதனையும் மாணவர் சேர்க்கையும் அவர்கள் பொறுப்பில் உள்ளன. ‘கட்டுப்பாட்டுப் பள்ளி’ என்னும் வகையில் திருச்சபையின் பிரதிநிதிகள் சிறுபான்மையினர். சேர்க்கை உள்ளூர் அரசு அதிகாரிகளின் பொறுப்பாகும். இருவகைப் பள்ளியிலும் பெற்றோர் கட்டணம் செலுத்துவதில்லை. 2010-க்குப் பின் இப்பள்ளிகள் பல புதிய நிர்வாக அமைப்புகளுக்கு மாறியுள்ளன. எனினும் அவற்றின் சமயத் தன்மை நீடிக்கிறது.

நாள்தோறும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்பதும் 1944-ஆம் ஆண்டின் சட்டம் தந்ததே. இவ்விதி திருச்சபைப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. அரசின் பொதுப் பள்ளிக்கும் உண்டு. பொதுப் பள்ளியின் வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையுடையதாய் இருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. திருச்சபைப் பள்ளியின் வழிபாடோ அப்பள்ளியின் நிறுவன ஆவணத்துக்கு ஏற்ப அமையும். பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். மேனிலை வகுப்பில் பயிலும் இளைஞர் தாமே விலகும் உரிமை பெற்றுள்ளனர். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை.

இச்சூழலில் சமய நம்பிக்கையற்ற குடும்பங்கள் இருவகையாய்த் திருச்சபைப் பள்ளியின் வாயிலுக்கு வருகின்றன. சிற்றூர்களில் நடந்து செல்லும் தொலைவில் உள்ள பள்ளி பல இடங்களில் திருச்சபையின் பள்ளி ஒன்றே. அங்குள்ள பெற்றோர் அதனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, அது அவர்களுக்கு வாய்த்தது என்பதே உண்மை. நகரங்களிலோ நிலைமை வேறு. நற்பெயர் பெற்ற பள்ளியில் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது, உதவி பெறும் பள்ளி ஆலயத்துக்கு ஒழுங்காய் வரும் குடும்பங்களுக்கு முன்னுரிமை தரலாம் எனச் சட்டம் இடமளிக்கிறது. பல பள்ளிகள் இவ்வுரிமையைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயன்படுத்தும் இடங்களில், பெற்றோர் எத்தனை மாதம், மாதத்தில் எத்தனை ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தனர் எனக் குறித்து ஆயர் கையொப்பமிட வேண்டும். ‘முழந்தாளிடு, கட்டணத்தைத் தவிர்த்திடு’ என்று அந்நாட்டு மக்கள் வேடிக்கையாகக் கூறும் வாசகம் இதனால் எழுந்ததே.

ஒரு திருப்பணியாளரின் நிலையிலிருந்து இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் ஆலயத்தில் புதிதாய் அமர்ந்திருக்கும் இளந்தம்பதியர் ஆண்டவரைத் தேடி வந்தனரா, பள்ளியில் ஓர் இடத்தைத் தேடி வந்தனரா என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழாதிருக்குமா? அவர்தம் கையொப்பம் ஒரு குழந்தையின் கல்வியைத் தீர்மானிக்கும் என்று அறிந்த தம்பதியர் அவரிடம் தம் ஐயங்களை மனந்திறந்து பேசுவரா? பாசாங்கைக் கண்டிக்கும் குரல் பெற்றோரை நோக்கி எழுகிறது. பாசாங்குக்குப் பரிசளிக்கும் விதியையோ திருச்சபையின் பள்ளியே வகுத்திருக்கிறது. ஆகவே முதல் விடை, அதாவது பெற்றோரைக் குற்றஞ்சாட்டும் விடை, அரைகுறையானது என்பது தெளிவு.

3. ஆவணங்களின் மொழி

திருச்சபை தன் பள்ளிகளைப் பற்றி என்ன கூறிவந்திருக்கிறது? 1970-இல் டர்ஹாம் பேராயர் அயன் ராம்சி தலைமையில் வெளிவந்த அறிக்கை இன்றும் பயிலத்தக்கது. திருச்சபைப் பள்ளிக்கு இரு நோக்கங்கள் உண்டு என்று அது பிரித்துக் காட்டிற்று. நாட்டு மக்கள் அனைவருக்கும் கல்வியால் ஊழியம் செய்தல் ஒன்று. திருச்சபையின் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்த்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பள்ளியில், ஒரே காலை வழிபாட்டில், ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நிறைவேற வேண்டியிருப்பதே இடர்ப்பாடு. வளர்ப்பு என்பது முன்னரே நடப்பட்ட செடிக்கு உரியது. நடப்படாத நிலத்தில் நீரூற்றிவிட்டு அதனை வளர்ப்பு என்று சொல்லுதல் இயலாது.

2001-இல் டியரிங் பிரபுவின் தலைமையில் வந்த அறிக்கை, திருச்சபைப் பள்ளிகள் திருச்சபைப் பணியின் மையத்தில் உள்ளன என்று வலியுறுத்திற்று. மேலும் 100 மேனிலைப் பள்ளிகள் தேவை என்றும் பரிந்துரைத்தது. ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் தொகை குறைந்துவந்த காலத்தில், பிள்ளைகளைத் திருச்சபை நாள்தோறும் சந்திக்கும் இடம் பள்ளியே என்னும் எண்ணம் இதன் பின்னணியில் உண்டு. 2016-இல் வெளிவந்த கல்வித் தரிசன ஆவணமோ ஞானம், நம்பிக்கை, சமூகம், மாண்பு என்னும் நான்கு கருத்துகளை முன்வைத்து, யோவான் 10:10-இல் ஆண்டவர் வாக்களித்த நிறைவான வாழ்வைக் கல்வியின் இலக்காக அறிவித்தது. ஆழ்ந்த கிறிஸ்தவத் தன்மையும் பொதுநல ஊழியமும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்பது அதன் வாதம். இது சிறந்த வாதமே. ஆயின் அவ்வாதம் பள்ளிக் கூடத்தின் தரையில், ஐந்து வயதுப் பிள்ளையின் முன் எவ்வாறு நிலைநிற்கிறது என்று சோதிக்க வேண்டும்.

2021-இல் வெளியான பள்ளி வழிபாட்டு வழிகாட்டுக் குறிப்பு இச்சோதனைக்கு நேராக வருகிறது. வழிபாடு அனைவரையும் உள்ளடக்குவதாய், அழைப்பாய், ஊக்கமூட்டுவதாய் அமைய வேண்டும் என்றும், கட்டாயம் கூடாது என்றும், ஜெபிக்க விரும்புவோரையே ஜெபிக்க அழைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இவ்வார்த்தைகளைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 1811-இன் கட்டளை மொழியிலிருந்து இது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

ஆனால் இரண்டு குறைகளை நாம் சுட்டியாக வேண்டும். முதலாவது, அழைப்பு என்பது அழைக்கப்படுவோனின் நிலையைப் பொறுத்தது. வளர்ந்தவர் ஒருவரிடம் ‘விரும்பினால் எங்களோடு ஜெபியுங்கள்’ என்றால் அவர் மறுக்க அறிவார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியையின் சொல் எல்லாம் ஒரே எடையுடையது. ‘இரண்டும் இரண்டும் நான்கு’ என்று சொன்ன அதே குரல் ‘கைகளைக் கூப்புங்கள், கண்களை மூடுங்கள்’ என்றும் சொல்கிறது. முன்னதைச் செய்யத் தவறினால் பிழை எனக் கற்ற பிள்ளை பின்னதைச் செய்யத் தவறுவதையும் பிழை என்றே கொள்ளும். குறிப்பிலுள்ள அழைப்பு, கூடத்துக்கு வரும்போது கட்டளையாய் மாறிவிடுகிறது. ஆசிரியை தீயவர் என்பதால் அன்று. சிறுபிள்ளையிடம் கட்டளையையும் அழைப்பையும் வேறுபடுத்திச் சொல்ல அவர் பயிற்றுவிக்கப்படாததால். 

இரண்டாவது, திருச்சபைப் பள்ளிகளின் சமயத் தன்மை அதற்கென அமைந்த மேற்பார்வையாளர்களால் மதிப்பிடப்படுகிறது. வழிபாடும் அம்மதிப்பீட்டில் அடங்கும். இம்மதிப்பீட்டின் நிழலில், ஒரு சிறுவன் கைகூப்பாமல் அமைதியாய் அமர்ந்திருப்பதைத் தலைமையாசிரியர் தம் பள்ளியின் நிறைவாகக் காண்பாரா, குறையாகக் காண்பாரா? அழைப்பு என்று எழுதிய திருச்சபை, மறுப்பையும் அந்த அழைப்பின் ஒரு பகுதியாக எண்ணும் மனப்பாங்கை வளர்த்தாலன்றி அச்சொல் ஏட்டளவிலேயே நிற்கும்.

4. விலகும் உரிமை போதுமா?

விலகும் உரிமை இருக்கிறதே, பின் என்ன குறை என்று கேட்கலாம். 1870-இல் அது பெரிய வெற்றி. ஆனால் அவ்வுரிமையின் சுமையைத் தாங்குபவர் யார்? எல்லாப் பிள்ளைகளும் கூடத்தில் பாடும்போது ஒரு பிள்ளை மட்டும் வேறோர் அறையில் தாளில் வண்ணந்தீட்டிக் கொண்டிருக்க வேண்டும். தன் தோழர்களிடமிருந்து ஏன் பிரிக்கப்பட்டோம் என்று அதற்கு விளங்காது. பிழை செய்தவரையே தனியே அமர்த்துவர் என்பது மட்டும் விளங்கும். பிள்ளை தனித்துவிடக் கூடாது என்று அஞ்சும் பெற்றோர் உரிமையைக் கேளாமலே விடுகின்றனர். அவர்தம் மௌனத்தைச் சம்மதம் என்று பள்ளி எண்ணிக்கொள்கிறது.

வட அயர்லாந்தில் எழுந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக்கிற்று. பெல்ஃபாஸ்டில் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் ஒரு சிறுமி பயின்றாள். அவ்வகைப் பள்ளிகள் பல, ஒருகாலத்தில் புரொட்டஸ்டண்டு சபைகள் நடத்தி அரசிடம் ஒப்படைத்தவை. சமயப் பற்றில்லாத அவளுடைய பெற்றோர், வீட்டில் எவரும் கற்பிக்காமலே அவள் உணவுக்குமுன் ஜெபிக்கக் கண்டனர். உலகைப் பற்றிய கிறிஸ்தவப் பார்வை ஒன்றே உண்மையென அவளுக்குக் கற்பிக்கப்படுகிறது என்று அவர்கள் முறையிட்டனர். 2022-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2025 நவம்பரில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமும் அதனை ஏகமனதாய் உறுதிசெய்தது. விலகும் உரிமை பெற்றோர்மேல் தகாத சுமையை ஏற்றுகிறது, பிள்ளையைத் தனித்து அடையாளப்படுத்தும் இடருடையது, ஆகவே அது போதிய பரிகாரமன்று என்பது அத்தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. இத்தீர்ப்பு வட அயர்லாந்தின் பாடத்திட்டத்தையும் வழிபாட்டையும் பற்றியது. இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகளைப் பற்றியதன்று. ஆயினும் நீதிமன்றம் சொல்லித்தான் திருச்சபை இதனை அறிய வேண்டுமா என்பது நம் வினா.

சிறுமி உணவுக்குமுன் ஜெபித்தாளே, இது மகிழ்ச்சிக்குரியதன்றோ என்று நம்மில் சிலர் கேட்பர். மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் நமக்கு வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் அமரும் உணவு மேசையில், அவர்கள் அறியாமல், அவர்களிடம் கேளாமல், நாம் ஒரு பிரிவினையை வைத்திருக்கிறோம். பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்னும் கட்டளையைக் கற்பிக்கும் பள்ளி, பெற்றோரின் முதுகுக்குப் பின்னால் பிள்ளையோடு பேசலாகாது.

5. திருமறை காட்டும் வழி

தானியேலின் நூலில் ஒரு பள்ளியைக் காண்கிறோம். அந்நிய அரசனின் அரண்மனையில் எபிரேய இளைஞர் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றனர். அக்கல்வியில் கடவுளே அவர்களுக்குத் திறமையளித்தார் என்று முதல் அதிகாரம் கூறுகிறது. பிற நம்பிக்கையுடையோர் நடத்தும் பள்ளியில் பயில்வதைத் திருமறை இகழவில்லை. ஆனால் மூன்றாம் அதிகாரத்தில், இசைக்கருவிகள் முழங்கியதும் யாவரும் விழுந்து பணிய வேண்டும் என்னும் ஆணை வந்தபோது அவ்விளைஞருள் மூவர் பணியவில்லை. கல்வி வேறு, வழிபாடு வேறு என்று அவர்கள் அறிந்திருந்தனர். ஓய்வுநாட் பள்ளியில் இம்மூவரின் வீரத்தைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு கற்பிக்கும் நாம், நம் பள்ளியின் இசை முழங்கும்போது பணிய விரும்பாத பிள்ளைக்கு என்ன இடம் வைத்திருக்கிறோம்?

இதற்கு மறுபுறமாக நாகமானின் நிகழ்ச்சி உள்ளது. 2 இராஜாக்கள் 5-இல், தன் எஜமானன் தன் கையின்மேல் சாய்ந்து ரிம்மோனின் கோயிலில் பணியும்போது தானும் பணிய நேருமே என்று அவன் மனம் வருந்துகிறான். எலிசா அவனைக் கண்டிக்கவில்லை, சமாதானத்தோடு அனுப்புகிறார். சூழ்நிலையின் நெருக்கத்தால் நம்பாத இடத்தில் தலைகுனிய நேர்ந்தவரிடம் திருப்பணியாளர் காட்ட வேண்டிய பரிவு இது. பள்ளியில் ஓர் இடத்துக்காக ஆலயத்தில் வந்தமரும் பெற்றோருக்கும் இப்பரிவு உரியது. ஆனால் நாகமானின் தலைகுனிவை வழிபாடு என்று கணக்கிட்டு, அதற்குச் சான்றிதழ் வழங்க எலிசா முற்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மாற்கு 10-இல் ஆண்டவர் சிறுபிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்தார். அவர்களிடம் அறிக்கை எதுவும் கேட்கவில்லை. எதையும் ஒப்புவிக்கச் சொல்லவுமில்லை. யோவான் 4-இல் பிதா தேடுகிற வழிபாடு ஆவிக்கும் உண்மைக்கும் உரியது என்றார். உண்மையில்லாத வழிபாடு வழிபடுவோனுக்கு மட்டுமன்று, வழிபடப்படுவோருக்கும் இழிவு. ஆகவே பிள்ளையின் மனச்சான்றைக் காப்பது நம்பிக்கையற்ற குடும்பத்துக்கு நாம் தரும் சலுகையன்று. கடவுளின் மகிமைக்கு நாம் செலுத்தும் கடன்.

6. இரு எதிர்வாதங்கள்

‘அப்படியாயின் வழிபாட்டை நீக்கிவிடலாமே, பின் திருச்சபைப் பள்ளி எதற்கு?’ என்பது முதல் எதிர்வாதம். பர்மிங்ஹாமில் சமயக் கல்வி கற்பித்த இறையியலாளர் ஜான் ஹல், 1975-இல் தாம் எழுதிய நூலுக்குப் பள்ளி வழிபாட்டின் மரண அறிவிப்பு என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். திறந்த மனத்தோடு ஆராய்வது கல்வி, ஏற்றுக்கொண்டு அர்ப்பணிப்பது வழிபாடு, இவ்விரண்டையும் அரசின் பொதுப் பள்ளி ஒன்றாய்க் கட்டுதல் பொருந்தாது என்பது அவர் கருத்தின் சாரம். பொதுப் பள்ளியைப் பொறுத்தவரை இது வலிமையான வாதம். திருச்சபைப் பள்ளியைப் பொறுத்தவரை நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டார் உணவுக்குமுன் ஜெபிப்பர் என்று அறிந்தே விருந்தினர் வருகிறார். விருந்தினருக்காக வீட்டார் தம் ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை. விருந்தினரையும் ஜெபிக்கச் செய்ய வேண்டியதுமில்லை. வழிபாடு இருக்கட்டும்; அது வீட்டாரின் வழிபாடு என்பது விருந்தினராய் வந்த பிள்ளைக்கும் விளங்கட்டும்.

‘வேதக் கதைகள்தாமே, கேட்டுவிட்டுப் போகட்டும், தீங்கென்ன?’ என்பது இரண்டாம் எதிர்வாதம். இதனைக் கூறுவோர் நம்பிக்கையற்ற பெற்றோருள் சிலர். அவரோடு உடன்படும் கிறிஸ்தவரும் உண்டு. இணக்கமான சொல்லாயினும் இது நற்செய்தியை அவமதிப்பது. சிலுவையும் உயிர்த்தெழுதலும் தீங்கற்ற கதைகளாகிவிட்டால், அவற்றைக் கற்பிக்கப் பள்ளி ஒன்று தேவையில்லை. இக்கதைகள் வாழ்வைக் கேள்வி கேட்பவை என்று நாம் நம்புவதாலேயே, அவற்றை ஏற்காதிருக்கும் உரிமையும் மெய்யானதாக வேண்டும் என்கிறோம்.

7. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகளைப் பெறலாம். முதலாவது, ஜெபத்துக்குமுன் ஆசிரியர் ‘இப்போது நான் ஜெபிக்கப் போகிறேன்; இதனைத் தம் ஜெபமாக்க விரும்புவோர் இறுதியில் ஆமென் சொல்லலாம்; மற்றவர் அமைதியாய் எண்ணிக்கொண்டிருக்கலாம்’ என்று தெளிவாகச் சொல்லுதல். இங்கிலாந்தின் பள்ளிகள் பலவற்றில் இவ்வழக்கம் உண்டு. அது எங்கும் பரவ வேண்டும். இரண்டாவது, வகுப்பில் ‘கிறிஸ்தவர் இவ்வாறு நம்புகின்றனர்’ என்னும் வாய்பாட்டைக் கைக்கொள்ளுதல். நம்புகிற ஆசிரியர் ‘நானும் இவ்வாறு நம்புகிறேன்’ என்று சேர்த்துச் சொல்லலாம். அதுவே நேர்மையான சாட்சி. மூன்றாவது, சேர்க்கையின்போதே பெற்றோரை அழைத்து, பள்ளியில் என்ன பாடப்படும், என்ன ஜெபிக்கப்படும் என்பதை மறைக்காமல் கூறுதல். நான்காவது, ஆலய வருகையைச் சேர்க்கைக்கு அளவுகோலாக்குவதைக் கைவிடுதல். இதனால் ஆலயத்தில் சில இருக்கைகள் வெறுமையாகலாம். நிரம்பியிருப்போரைப் பற்றிய ஐயம் நீங்கும்.

இறுதியாக நம் நாட்டைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் சட்டம், மறுக்கும்வரை பிள்ளை வழிபாட்டில் இருக்கும் என்று கொள்கிறது. நம் அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பின் மூன்றாம் கூறோ, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில் பயில்பவர் எவரையும் அவர்தம் சம்மதமின்றி, சிறுவராயின் காப்பாளரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யலாகாது என்கிறது. அங்கே மௌனம் சம்மதமாகிறது. இங்கே சம்மதம் கேட்டுப் பெறப்பட வேண்டியது. மனச்சான்றைக் காப்பதில் நம் சட்டமே உயர்ந்தது. நம் தொடக்கப்பள்ளிகளில் பிற சமயக் குடும்பத்துப் பிள்ளைகள் பயில்கின்றனர். பகுத்தறிவுக் கொள்கையுடைய குடும்பத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். காலை ஜெபத்துக்கு அவர்தம் பெற்றோரின் சம்மதம் எவ்வாறு கேட்கப்படுகிறது, கேட்கப்படுகிறதா என்பதை ஒவ்வொரு தாளாளரும், பள்ளியோடு தொடர்புடைய ஒவ்வோர் ஆயரும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் இறையியல் மாணவரும் ஆராய்தல் நலம்.

நம்பாத பெற்றோர் தம் பிள்ளையைத் திருச்சபையின் கையில் ஒப்படைப்பது சிறிய செயலன்று. தம் கடவுளை நம்பாதவரும் தம்மை நம்பினர் என்பதை விடப் பெரிய மதிப்பைத் திருச்சபை எங்கே பெறும்? அந்நம்பிக்கையைக் காப்பாற்றும் பள்ளியே நற்செய்தியைச் சொல்லத் தகுதி பெறுகிறது.